ஒட்னியின் சாம்பல் கோட்டு

ஒட்னிக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. நார்வே கடலில் ஒற்றை வீட்டுத் தீவில் இருப்பவளுக்கு அது ஒரு குறையுமில்லை. முப்பத்தோரு வருடமாக, ஏப்ரல் பிறந்தால் கல்லடுக்கிக் கட்டிய குடில்களில் காய்ந்த கடற்பாசியைப் பரப்பி, ஈடர் என்னும் காட்டுக் கடல்வாத்துகளுக்குப் பேறுகால அறை தயார் செய்வாள். குஞ்சுகளோடு அவை கடலில் இறங்கும்வரை நாயைக் கட்டிப்போட வேண்டும்; போட்ட உடுப்பை மாற்றக் கூடாது. புது உடுப்பைக் கண்டால் பேடை முட்டையை விட்டு எழுந்துவிடும். கூட்டில் அவை விட்டுப்போகும் இறகுப்பஞ்சை விற்பதுதான் அவள் பிழைப்பு.

மூன்று வசந்தமாக ஒரு வாத்துகூட வரவில்லை. கடல் சூடாகிறது, அவை வடக்கே இடம் மாறுகின்றன என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண். வடக்கே எங்கே? செத்துப்போன புருஷனின் தம்பி ஆஸ்மண்டின் தீவுக்கு! அங்கே எந்தக் காலத்திலும் ஈடர் முட்டையிட்டதில்லை. "கடலாவது சூடாவதாவது! அந்தத் திருட்டுப்பய வேலை" என்றாள் ஒட்னி. வாத்து திரும்பாவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் மகளின் மாடி வீட்டில் முடங்க வேண்டியதுதான்.

மே கடைசியில் தகர டப்பாவும் கரண்டியுமாகப் படகேறினாள். ஆஸ்மண்டின் தீவிலுள்ள வாத்துகள் அத்தனையையும் தட்டி விரட்டிவிடுவதென்று முடிவு.

சிவப்புச் சட்டையோடு ஆஸ்மண்ட் கரையிலேயே மறித்தான்.

"வழி விடுடா, வாத்துத் திருடா!"

"நான் என்ன கயித்தக் கட்டியா இழுத்துட்டு வந்தேன், அண்ணி?"

"அண்ணன் செத்தப்ப எட்டிப் பாக்காதவனுக்கு, குடில் கட்ட மட்டும் நேரம் இருந்துச்சோ?"

"கட்டி என்ன? நான் கிட்டப் போனாலே எந்திரிச்சுப் போயிடுது. பாதிக்குப் பாதி கூமுட்டை."

"நல்லா வேணும்!"

அவனைத் தள்ளிவிட்டுப் போய் டப்பாவைத் தட்டினாள். முதல் குடிலில் இருந்த பேடை தலையைத் தூக்கியது. அலகோரத்தில் பழைய வெட்டு. தன் குடிலில் முட்டையிட்ட அதை ஒட்னிக்குத் தெரியாதா? அது அவளுடைய நாறும் சாம்பல் கோட்டை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. இன்னும் ஓங்கித் தட்டினாள். டப்பா நெளிந்ததுதான் மிச்சம்.

கோட்டை மாற்றிக்கொண்டு வர அவளுக்குத் தோன்றவேயில்லை. வசந்தத்தில் அதைக் கழற்றிய பழக்கம் இருந்தால்தானே!

பின்னாலேயே ஆஸ்மண்ட் ஓடிவந்தான். சிவப்பைக் கண்டதும் இரண்டு பேடைகள் எழுந்தன.

"நில்லுடா அங்கேயே! முட்டை ஆறிடும்!" என்று ஒட்னி கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. கோட்டைக் கழற்றி அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

"இந்தா, போட்டுத் தொலை. மாடி வீட்ல எனக்கு எதுக்கு இது? துவைச்சே கிவைச்சே, உன்னைக் கொன்னே போட்டுடுவேன்!"