வெளியே தெரியாத தையல்

புண்ணே இல்லாமல் என்ன ஆபரேஷன் என்று குழாயடியில் எங்கள் தெரு நஞ்சம்மா கேட்டாளாம். புண் இருக்கிறது, உள்ளே இருக்கிறது. என் மருமகள் லாவண்யா வேலைக்குப் பயந்து படுத்தவள் இல்லை. நாளெல்லாம் கம்பெனியில் நின்று ஒயர் கட்டிவிட்டு, மத்திகிரிக்கு வந்து இறங்கியதும் குடத்தைத் தூக்குகிறவள்.

குந்தி உட்கார்ந்தால் தொடை இடுக்கில் குத்துவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோலம் போட உட்கார்ந்தவள் சுவரைப் பிடித்து எழுந்ததைப் பார்த்து நான்தான் என் மகன் அசோக்குமாரிடம் சொன்னேன். அது இரண்டாயிரத்து ஒன்பது. பெங்களூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தொடை எலும்பின் உருண்டையில் ஒரு மேடு இருக்கிறதாம். காலை மடக்கும்போதெல்லாம் அது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, அங்கிருக்கும் ஜவ்வைக் கிழித்துவிட்டதாம்.

மேட்டைச் சீவ இரண்டு வழி சொன்னார். மூட்டைத் திறந்து, உருண்டையை வெளியே எடுத்து, சுற்றிலும் கண்ணால் பார்த்துச் செய்யலாம். ஆனால் எலும்பை வெட்டித் திரும்ப ஸ்க்ரூ போட வேண்டும், மாதக்கணக்கில் கக்கத்தில் கட்டை ஊன்ற வேண்டும். துளை போட்டுக் கேமரா விட்டும் செய்யலாம். சீக்கிரம் எழுந்துவிடலாம், பின்பக்கத்து மேடு என்றால் மட்டும் எட்டுவது கஷ்டம். இவளுக்கு மேடு முன்பக்கம், அதனால் இரண்டில் எந்த வழியும் சரிவரும் என்றார்.

"எதுல எங்க அத்தைக்கு வேலை கம்மி, சார்?" என்றாள் லாவண்யா.

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துளைதான் முடிவானது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த காத்தூன். பின்பக்கத்து மேடு, திறந்துதான் செய்தார்கள், ஒரு சாண் தையல். அவளுக்கு வாய் அதிகம்.

"என் தையல் கோட்டைப் பாத்து எங்க மாமியாரே அழுதுட்டாங்க, டம்ளரைக்கூடத் தூக்க விடல. உனக்கு ரெண்டு பொத்தல்தானே? போனதும் மாவாட்ட வெச்சுருவாங்க பாரு."

எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். நான் அவளுக்கே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அந்தத் தையலைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது என்று லாவண்யா பிறகு என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் காலில் பாரம் போடக் கூடாது, கக்கத்தில் கட்டை. தண்ணீர் நான் எடுத்தேன். நான் குடத்தோடு உள்ளே வரும்போதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சோற்றைக் கையில் கொடுத்தால் பாதியை அப்படியே வைத்துவிடுவாள். நஞ்சம்மா புண் பார்க்க வந்து, இரண்டு துண்டு பிளாஸ்திரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். குழாயடிப் பேச்சு ஆரம்பித்தது அப்புறம்தான்.

அந்தப் பேச்சு லாவண்யா காதுக்கும் வந்தது. மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். நான் திரும்பியபோது வாசற்படியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பழைய வலி திரும்பியிருந்தது.

டாக்டர் கோபித்தார். "வெளியே சின்னதும்மா. உள்ளே பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் செய்ததுதான் உனக்கும். தைச்ச ஜவ்வு பிரிஞ்சா மறுபடி திறக்கணும்." நல்லவேளை, பிரியவில்லை. ஆனால் ஓய்வை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்ததும் லாவண்யா, "நீங்க குனிஞ்சு குனிஞ்சு தூக்கறதைப் பாத்துக்கிட்டு எப்படி அத்தை உக்காந்திருக்கறது?" என்றாள்.

"கண்ண மூடிக்கோ. இனி என் குடத்துல கை வெச்சே, நான் என் பொறந்த ஊரு கல்லாவிக்குப் பஸ் ஏறிடுவேன்."

ஏறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதன்பிறகு தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

கட்டையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், பாரம் மட்டும் தூக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன், பின்னால் நஞ்சம்மா. லாவண்யா சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றாள். அவள் கை என் குடத்தை நோக்கி நீண்டது. நான் நடையைக் குறைக்கவில்லை. நீண்ட கை திரும்பிப் போய்ப் பையின் காதை இறுக்கிப் பிடித்தது.

"வரேன் அத்தை" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சுவரைத் தொடாமல் படியிறங்கி, நஞ்சம்மாவைத் தாண்டி பஸ்ஸை நோக்கி நடந்தாள்.