கொடும்பாவிக்குப் போட்ட வெள்ளைச் சட்டை

கறுப்புக் கோட்டை மடித்துப் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு கோவில்பட்டி ஸ்டேஷனில் மதுரை ஹைகோர்ட்டுக்கு ரயில் ஏறிய காலைகளை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. மாட்டிக்கொண்டு போனால் கரிசல் புழுதி சும்மா விடாது. எதிர் சீட்டுக்காரர், "இன்னைக்கு யாருக்காக வாயாடப் போறீய, அண்ணாச்சி?" என்பார். தெருநாடகம் போட்டு மாட்டினவன், சுவரொட்டி ஒட்டி மாட்டினவன், படம் எடுத்துத் தணிக்கையில் சிக்கினவன், எல்லாரும் என்னைத் தேடித்தான் வருவார்கள். கூடப் படித்த வக்கீல்கள் நிலத்தகராறு பார்த்து மாடிவீடு கட்டினார்கள். எனக்குப் பேர்தான் மிச்சம். ஆனாலும் அப்போது எனக்கு இருந்த ராங்கி இருக்கிறதே, அப்பப்பா!

அப்படி வந்தவர்களில் ஒருவர் நாகலாபுரம் பக்கத்து ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து ஒரு படம் எடுத்திருந்தார். அதில் கொடும்பாவி இழுக்கிற காட்சியை அடியோடு நீக்கச் சொல்லிவிட்டார்கள்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கம் வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, செத்த பிணம் மாதிரி தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊர்ப் பாவமெல்லாம் அதோடு போய் மழை வரும் என்று நம்பிக்கை. படத்தில் பொம்மைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. உயிரோடிருக்கிற தலைவர் யாரையோ பிணமாகக் காட்டுகிறார்கள், கலவரம் வரும் என்று தணிக்கையில் எழுதியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்த ஒண்ணுதான் படம். அத வெட்டிட்டா மிச்சம் ஆடு மேயுறதுதான்" என்றார் அந்தப் பிள்ளை. காட்சியில் ஒப்பாரி வைத்தது அவருடைய அத்தை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். யாரும் எழுதிக் கொடுக்காமல், கேமரா முன்னால் தானே கட்டிப் பாடியிருந்தார். 'மனுவ வாங்கி மடிச்சு வச்ச மகராசா, மந்தை செத்துக் கெடக்குறது தெரியலையோ' என்று தொடங்கும். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை வெட்டச் சொன்னவனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கா என்று ஆபீசிலேயே கத்தினேன்.

வழக்கை எப்படி நடத்துவதென்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இது காலங்காலமாக உள்ள சடங்கு, யாரையும் குறிக்கவில்லை, சட்டை வீட்டில் கிடந்த ஏதோ பழைய சட்டை. கொடும்பாவி தெரியாத பயலுகளுக்குக் கொடும்பாவின்னா என்னன்னு சொல்லிக் கொடுக்கேன் பார் என்று கிளம்பினேன். அதற்கு அந்த அத்தையின் பிரமாண வாக்குமூலமும் வேண்டியிருந்தது. நானே இங்கிலீஷில் எழுதி டைப் அடித்து, அவர் வேலை முடிந்து பஸ் ஏறுகிற நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன்.

வாக்குமூலத்தின் அடியில், 'தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்று ஒரு வரி வரும். எந்த வக்கீல் படித்துக் காட்டினான்? நானும் காட்டியதில்லை. பஸ் வேறு கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது.

"இங்கன ஒரு கையெழுத்து அக்கா, இங்கன ஒண்ணு."

"நான் பாடுனத வெட்ட மாட்டாவள்ல தம்பி?"

"நான் எதுக்கு இருக்கேன்? தைரியமாப் போங்க."

நீதிபதி காட்சியைப் போட்டுப் பார்த்தார். வாக்குமூலத்தை வாசித்தார். எங்கள் ஊரிலும் இழுப்பார்களே என்று சிரித்தார். ஒரு பிரேம்கூடக் குறைக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஊர் வந்து இறங்கினதும் கடலைமிட்டாய் வாங்கி ஆபீஸ் தெரு முழுக்கக் கொடுத்தேன். என் தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

கோவில்பட்டியில் படம் போட்டபோது மதியக் காட்சிக்கு எல்லாரும் போனோம். அத்தையும் வந்திருந்தார். திரையில் அந்தப் பொம்மை வந்ததுதான் தாமதம், "ஏலே, இது அவருல்லா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். தியேட்டரே விசிலடித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும் அத்தையிடம் கேட்டேன்.

"பஞ்சம் வந்த வருசம் ஒரு பெரிய தலைவரு கார்ல வந்தாரு தம்பி. கீழ எறங்கல. கண்ணாடியத் தாழ்த்தி மனுவ வாங்குனாரு, போயிட்டாரு. எங்க ஆடு அம்புட்டும் செத்துச்சு. எங்க வீட்டு மனுசன் அதே நெனப்புல படுத்தவரு எந்திரிக்கல. அவரு போட்டிருந்த மாதிரியே முழுக்கைச் சட்டையா தேடித்தேடி வாங்கிப் போட்டேன்லா."

பேசாமல் இருந்திருக்கலாம். வக்கீல் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, யாரையும் சொல்லல, அது வெறும் சடங்குன்னு சொல்லித்தான ஜெயிச்சோம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

அவர் முகம் மாறிவிட்டது.

"நானா? நான் யாரையும் திட்டலன்னா?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னைக்கே ஏன் படிச்சுச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க. கேஸ் தோத்திருக்கும். காட்சிய வெட்டியிருப்பாங்க."

"வெட்டுனா வெட்டிட்டுப் போறான்" என்றார். "நான் அவரத் திட்டுனேன்னு பயந்துல்லா வெட்டியிருப்பான்!"