அரக்கு நூல் தச்ச 417

417. இந்த நம்பரை மறந்துடாதீங்க. விமானப்படையில ஒரு ஸ்குவாட்ரனோட நம்பர் அது. ஸ்குவாட்ரன்னா ஒண்ணா பறக்குற விமானங்க, அதுங்களுக்கு வேலை பாக்குற ஆளுங்க எல்லாம் சேந்த ஒரு கூட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னம். அதைத் துணியில எம்பிராய்டரி போட்டு தோள்ல தச்சிக்குவாங்க. அதான் பேட்ச்.

திண்டிவனம் ஸ்டேஷன் பக்கத்துல பைக் ஸ்டாண்டு வச்சிருக்குற குமரேசனுக்கு இந்தப் பேட்ச் பைத்தியம். இருவது வயசுல ஏர்ஃபோர்ஸ் ஆளெடுப்புக்குப் போனான். கண்ணு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து அடுத்தவன் தோள்ல இருந்ததைச் சேக்க ஆரம்பிச்சான். எந்த ஸ்குவாட்ரன் எந்த வருசம் ஆரம்பிச்சது, எந்த ஊருக்கு மாறுச்சு, என்னென்ன விமானம் ஓட்டுச்சு, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். கடையில புதுசா விக்கிறதை மதிக்க மாட்டான். தோள்ல கெடந்து, வெயில்ல வெளுத்திருக்கணும். அப்பத்தான் அது அசலாம்.

417 அவனுக்கு விழுப்புரத்துல ஒரு பழைய துணி வியாபாரிகிட்ட கெடைச்சது. ஏதோ பழைய துணியிலேர்ந்து சதுரமா கத்தரிச்சது. ஒரு கழுகு, கீழ ஒரு மலை. வீட்டுக்குக் கொண்டாந்து சுத்தி இருந்த துணிய வெட்டி எறிஞ்சான். ஓரத்துல தொங்கிக்கினு இருந்த தையல் நூலை இடுக்கியால ஒவ்வொண்ணா உருவிப் போட்டான். பிளாஸ்டிக் உறைக்குள்ள தட்டையா உக்காரணும் இல்ல? சேக்குறவங்க எல்லாரும் செய்யறதுதான்.

அன்னிலேர்ந்து வீட்ல மண்ணெண்ணெ வாடை.

"ஸ்டவ்வ எடைக்குப் போட்டு எத்தினி வருசம் ஆச்சு. எங்கேர்ந்துய்யா வருது இது?" அவன் பொண்டாட்டி கலைப்பிரியா கேட்டா.

"பெட்ரோலு. ஸ்டாண்டுலேர்ந்து அடிக்குது."

"எனக்கு பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது பாரு. ரேஷன்ல கேனைத் தூக்கிக்கினு நின்னது நானா, நீயா?"

பேட்ச் உறைங்களைக் கோத்து வச்சிருக்குற ஃபைலை மூடுனா வாடை அடங்கும். தொறந்தா வரும். அவன் யார்கிட்டயும் சொல்லல. பேட்ச்ச மட்டும் போட்டோ புடிச்சு ஃபேஸ்புக்குல போட்டான்.

அதைப் பாத்துட்டு திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துலேர்ந்து பொன்னின்னு ஒரு பொம்பள பஸ் ஏறி ஸ்டாண்டுக்கே வந்துட்டா. கூட அவ மவ அஸ்வினி.

பொன்னி சுத்தி வளைக்கல. "எங்க வூட்டுக்காரரு கோபி இந்த 417லதாங்க மெக்கானிக்கா இருந்தாரு. லீவுல வந்தப்ப விக்கிரவாண்டி ரோட்டுல லாரி அடிச்சிடுச்சு. செத்தவங்க துணி வூட்ல இருக்கக் கூடாதுன்னு காரியத்தன்னிக்கு சொந்தக்காரங்க மூட்டை கட்டிப் பழைய துணிக்காரன்கிட்ட குடுத்துட்டாங்க. வேலைக்குப் போடுற ஓவராலும் அதோட போயிடுச்சு. இப்ப கனவுல வர்றாருங்க. தோள்ல சதுரமா ஓட்டை. அதைக் கையால மூடிக்கினு நிக்கிறாரு. பேச மாட்டேங்குறாரு."

"அமாவாசைக்குப் படையல் போடுறோம் அங்கிள்," ன்னா அஸ்வினி. "புதுச் சட்டையில இதைத் தச்சு வெக்கணும்னு அம்மா சொல்லுது."

குமரேசனுக்குத் தர மனசில்ல. "அந்த ஸ்குவாட்ரன்ல ஏகப்பட்ட ஆளுங்கம்மா. இது அவருதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான தச்சேன். மூணு பக்கம் நீல நூலு. நாலாவது பக்கத்துக்கு நூல் தீந்துடுச்சு, என் ஜாக்கெட்டுக்கு வாங்குன அரக்கு நூலைப் போட்டேன். 'பரேடுல மானத்த வாங்குறடி'ன்னு சிரிச்சிக்கினே போட்டுக்கினு போனாரு. திருப்பிப் பாருங்க, தெரியும்."

திருப்பிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. இடுக்கியில அரக்கு நூல் வந்தப்ப, எவனோ கஞ்சப்பய தச்சிருக்கான்னு தான் சிரிச்சது அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. அது வேற யாருக்கும் தெரியாது.

"இதுல நூலே இல்லம்மா," ன்னான். நெஜத்துல பாதி.

பொன்னி அவனையே பாத்தா. "417 பத்தி எல்லாம் தெரியும்னு போட்டிருக்கீங்களாமே. அதுல கோபின்னு பேரு வருதா?"

"ஆளுங்க பேரு வராதும்மா. விமானம், ஊரு, வருசம் அவ்ளோதான்."

"அப்ப விமானம் தானாவே எண்ணெ ஊத்திக்கினு போச்சா? குவாட்டர்ஸ்ல இருந்தப்ப தெனம் வேலை முடிஞ்சு வந்து நிப்பாரு, மேலெல்லாம் மண்ணெண்ணெ வாடை. ஜெட்டுக்கு ஊத்துறதும் மண்ணெண்ணெ ஜாதிதானாம். சோப்பு போட்டாலும் போவாது. சோறு பெசைஞ்சா சோத்துலயும் அடிக்கும்."

குமரேசன் எழுந்து பின்னாடி வீட்டுக்குள்ள போனான். பேட்ச்ச உறையிலேர்ந்து எடுத்தாந்து அவ கையில வச்சான்.

"அரக்கு நூலு இருந்துச்சும்மா. நான்தான் உருவிப் போட்டுட்டேன்."

அவ திட்டுவான்னு நின்னான். அவ ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, "அந்த நூல்கண்டு இன்னும் வச்சிருக்கேன்," ன்னு சொல்லிட்டு மடியில முடிஞ்சிக்கினு போயிட்டா.

சாயங்காலம் ஃபைலைத் தொறந்தான். 417 இருந்த உறை காலி. வாடை மட்டும் போவல. பக்கத்து உறைய மோந்தான். அதுலயும். அதுக்கடுத்ததுலயும். எல்லாத்தையும் உருவி தரையில கவுத்துப் போட்டான். ஆரம்பத்துல விவரம் தெரியாம கடையில வாங்குன சிலதுக்கு முதுகு வழவழன்னு இருக்கும். தோள்லேர்ந்து பிரிச்சதுக்கு ஓரம் பூரா ஊசி ஓட்டை.

கலைப்பிரியா மூக்கை முந்தானையால பொத்திக்கினு வந்து நின்னா. "இன்னா எண்ணிக்கினு கீற?"

"ஓட்டை இருக்குற பேட்ச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு இருந்திருப்பான்ல."

"எத்தினி?"

136.