ஆட்டின் சிரட்டை

நடுவீட்டுப் பாயில் நான், புது மாப்பிள்ளை. முற்றத்தில் மாமா. அவர் பிடித்திருந்த சினை ஆடு. ஆட்டின் வயிற்றைத் தேய்த்தபடி என் பெண்சாதி. கதவுத் திரைக்குப் பின்னால் மாமி. என் காலடியில் பூனை.

கல்லோயா வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு வந்த புதிது. கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்த நாள் முதல் எனக்குக் கோழி ஆணமும் வட்டிலப்பமும்தான். வேண்டாம் என்றால் மாமி மனம் நோவார். நான் மிச்சம் வைத்த சோற்றை ஆடு தின்றது. இரண்டு பேருக்கும் வயிறு பொருமிவிட்டது.

மாமியும் மருமகனும் நேரே கதைப்பதில்லை. அது எங்கள் வழக்கம். சொல்ல இருப்பதை மாமி பூனைக்குச் சொல்வார். "பூன, சோறு ஆறுது" என்றால் நான் எழும்பிப் போவேன்.

மாமி திரைக்குக் கீழால் இரண்டு தேங்காய்ச் சிரட்டை தள்ளினார். ஒன்று எனக்கு, ஓமமும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர். மற்றது பெண்சாதி வந்து ஆட்டுக்கு எடுக்க வேண்டியது. அதில் உள்ளி, இடித்த வேப்பங்கொழுந்து, நல்லெண்ணெய், வீட்டில் கிடந்த பெருங்காயம் முழுவதும்.

முற்றத்தில் ஆடு காலை நீட்டிவிட்டது.

"கெதியாக் கொண்டாங்க. குட்டியோட போயிரும்," என்றார் மாமா.

நான் கிட்டக் கிடந்த சிரட்டையை எடுத்தேன். நாறியது. மருந்து நாறும்தானே.

"பூன, அதுல வாய் வெக்காத," என்றார் மாமி.

பூனையைக் காலால் தள்ளிவிட்டுக் குடித்தேன்.

"பூன, ஒனக்குச் சொன்னா வெளங்காதா?"

பூனை எட்டத்தான் இருந்தது. அதன் மேல் என்ன கோபமோ என்று இன்னும் இரண்டு மிடறு குடித்தேன்.

திரை விலகியது. முக்காடு மட்டும் தெரிந்தது.

"மருமகன், அது ஆட்டுக்கு."

சிரட்டையை வைத்தேன். பிறகு மாமா வந்து மிச்சப் பாதியோடு என் மருந்தையும் கலந்து, ஆட்டின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"ரெண்டு பேருக்கும் வருத்தம் ஒண்டுதானே. பங்கு வெச்சாப் போதும்," என்றார்.

பெண்சாதி முகத்தை ஆட்டின் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பின்னேர அஸர் பாங்குக்கு முன் ஆடு ஏப்பம் விட்டு எழும்பியது. நான் அதற்கும் முந்தி விட்டிருந்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி, பூனையிடம்.

மாமி மௌத்தாகும் வரை ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பூனை செத்து வேறு பூனைகள் வந்தன. எல்லாவற்றிடமும் சொல்ல மாமிக்கு ஏதாவது இருந்தது. என்னிடம் நேரே சொன்னது மூன்று சொல்.