கிளியம்மாள் சொன்னது வெயில்

இருபத்தாறு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியதில் ஹில்டாவின் தொண்டை போய்விட்டது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, இனி வகுப்பெடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். இரும்புலியூர் வீட்டில் மூன்று மாதம் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். ரயில்வேயில் ஓய்வு பெற்றிருந்த கணவர் ஜீவரத்தினம்தான் ஒருநாள், "பேச முடியாது, சரி. எழுதலாமில்ல?" என்றார்.

அப்படி வந்ததுதான் சப்டைட்டில் வேலை. பண்டைய இந்தியாவைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க வெளிநாட்டு டிவிக்காரர்கள் வருவார்கள். இங்கே தமிழில் எடுக்கும் பேட்டிகள், மும்பையில் இருக்கும் ஒரு அலுவலகம் வழியாக ஹில்டாவுக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது.

சரித்திரம்தானே என்று ஆசையாகத்தான் ஆரம்பித்தாள். நாலு வருஷத்தில் பதினோரு படம் முடித்தபோது அந்த ஆசை வடிந்திருந்தது. எந்தப் படமானாலும் முதலில் பனிமூட்டத்தில் ஒரு கோபுரம் வரும், பின்னால் ஒரு புல்லாங்குழல் அழும். அப்புறம் ஒரு கனத்த ஆண் குரல், மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் 'மர்மம்' என்று சொல்லும். தொல்லியல்காரர் ஒருவர் உமியையும் இரும்புக் கசடையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். படத்தில் அவருக்கு எட்டு விநாடி. 'இதைப் பற்றி இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, ஆனால்' என்று அவர் சொன்னால், அந்த 'ஆனால்' வருவதற்கு முன்னால் வெட்டிவிடுவார்கள். முதல் இரண்டு வருஷம் ஹில்டா ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதினாள். நன்றி என்று பதில் வரும். அதன் பிறகு எழுதுவதை விட்டுவிட்டாள். முடிந்த படத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாவது படம் ஈமத்தாழிகளைப் பற்றியது. வண்டலூருக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரையில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்தாழிகள் கிடைத்திருந்தன. தோண்டும் வேலைக்கு வந்திருந்த பெண்களில் கிளியம்மாள் என்பவளைத் தனியே நிறுத்திப் பேட்டி எடுத்திருந்தார்கள். அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் சின்ன பிரஷ்.

"அந்தச் சின்னத் தாழிய நாந்தான் மொதல்ல பாத்தேன்" என்றாள் கிளியம்மாள் காமிராவைப் பார்த்து. "உள்ள கொயந்த எலும்பு. பக்கத்துல ஒரு கிண்ணம், இத்தினியூண்டு. பசிக்குமேன்னு வச்சிக்கீறா பாரு அந்தப் பொம்பள."

ஹில்டா டேப்பை நிறுத்தி, அதை மறுபடி கேட்டாள். ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

டேப்பில் இன்னும் சற்றுத் தள்ளி, ராத்திரியில் இங்கே பயமாக இருக்காதா என்று படக்காரர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார். கிளியம்மாள் சிரித்துவிட்டாள். "பயமா? இன்னா சார் பயம். நமக்கு வெயிலுக்குத்தான் பயம். பத்து மணிக்கு மேல மண்ட காஞ்சி பூடும். பேய் வந்தா வரட்டும், ஒரு கூட மண்ணு தூக்கிக் குடுத்துட்டுப் போவட்டும்."

அவ்வளவையும் அடைக்க இடம் இல்லை. பிற்பகல் நேரம், கழுத்து வலி, இன்னும் நாற்பது நிமிஷ டேப் பாக்கி. வெயில் ஒன்றுக்குத்தான் எங்களுக்குப் பயம் என்று ஐந்தே ஆங்கிலச் சொல்லில் சுருக்கினாள். வெயிலுக்கும் சூரியனுக்கும் அந்த மொழியில் ஒரே சொல் என்பது எழுதும்போதே உறுத்தியது. கூடவே சிரிப்பு கேட்கிறதே, புரிந்துகொள்வார்கள் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது.

"ஹில்டா மேடமா? என் பேரு சுஜி. கோவிலம்பாக்கத்துலேர்ந்து பேசறேன். தாழி தோண்டற எடத்துல கிளியம்மான்னு ஒருத்தங்கள டிவிக்கு எடுத்தாங்களே, அவங்க பொண்ணு. அம்மா பேசுனத இங்கிலீஷ்ல எழுதுனது நீங்கதானாமே. தோண்டற எடத்து ஆபீசர்தான் உங்க நம்பர வாங்கிக் குடுத்தாரு."

கிளியம்மாள் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறாளாம். அங்கே ஒரு வீட்டுக்காரரின் மகன் அமெரிக்காவில் படத்தைப் பார்த்துவிட்டு, அவள் வரும் காட்சியை மட்டும் வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அன்றிலிருந்து குடியிருப்புக்காரர்கள் அவளைப் பார்த்ததும் கும்பிட்டுச் சிரிக்கிறார்கள். "என்ன கிளியம்மா, இன்னிக்கு சூரிய பூஜை ஆச்சா" என்று ஒருவர் தினமும் கேட்கிறாராம்.

"அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. தான் இன்னா சொன்னதா போட்டுக்கீதுன்னு தெரியணுமாம். எனக்கு அந்த இங்கிலீஷ் வெளங்கல மேடம்."

ஹில்டா கிளம்பியபோது ஜீவரத்தினம் குடையை எடுத்துக் கொடுத்தார். "போன்லயே சொல்லிடலாமே. உன் தொண்டைக்கு இதெல்லாம் ஆகுமா?"

"போன்ல சொல்ற விஷயம் இல்லங்க."

ஷேர் ஆட்டோவில் ராஜகீழ்ப்பாக்கம் வரை நெருக்கிக்கொண்டு போய், அங்கிருந்து மேடவாக்கத்துக்கு ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். கோவிலம்பாக்கத்தில் இறங்கியபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. சுஜி வந்து அழைத்துப்போனாள். மாடியில் ஒற்றை அறை வீடு. கிளியம்மாள் வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்ததைச் சொல்லிக்கொண்டே ஹில்டா உட்கார்ந்தாள்.

சுஜி போனை டிவியில் இணைத்து, முழுப் படத்தையும் கண்டுபிடித்து ஓட்டினாள். பனிமூட்டத்தில் ஏரி. உடுக்கைச் சத்தம். கிளியம்மாள் மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கைகளையும் நெற்றிக்கு உயர்த்துகிறாள். அவள் குரலை அடக்கிவிட்டு, நடுங்கும் ஒரு கிழவியின் குரல் ஹில்டா எழுதிய ஆங்கில வரியைப் பேசுகிறது. பின்னாலேயே அந்தக் கனத்த ஆண் குரல்.

"நிறுத்தும்மா" என்றாள் ஹில்டா. கரகரத்த குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னாள். "உங்க கூட்டத்துக்கு சூரியன் ஒண்ணுதான் பயமாம். அதை நீங்களே சொல்றீங்களாம். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால இங்க இருந்தவங்க சூரியனுக்கு பலி கொடுத்தாங்களாம். அந்தப் பயம் இன்னும் உங்க ரத்தத்துல இருக்காம்."

கிளியம்மாள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய தூக்கனது கண்ணு கூசிச்சி. அத்தப் போயி" என்றாள். பிறகு ஹில்டா பக்கம் திரும்பி, "கிண்ணத்தப் பத்தி சொன்னனே. அது எங்க வருது?" என்று கேட்டாள்.

சுஜி படத்தை முன்னும் பின்னும் தள்ளித் தேடிவிட்டு, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டாள். "வரல அக்கா. எடுத்துட்டாங்க" என்றாள் ஹில்டா.

"தோண்டற ஆபீசரு கூட அத்த எயுதிக்கினாரே."

ஹில்டா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அக்கா, அந்த சூரியன் வார்த்தை நான் எழுதினது. நீங்க வெயில்னு சொன்னீங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நீங்க வேலை பண்ற வெயில்தான்னு இன்னும் ஒரு வார்த்தை சேத்திருந்தா இப்படித் திருப்பியிருக்க முடியாது. எனக்கு அன்னிக்கு அலுப்பா இருந்தது. விட்டுட்டேன்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா அவங்களுக்கு?"

"ஆமா."

"அவுங்க ஊருல வெயிலே அடிக்காதோ இன்னாவோ."

சுஜி சிரித்துவிட்டாள். ஹில்டாவால் சிரிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கிளியம்மாள் எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"இவளுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சி டீச்சர். எட்டு மாசம். காய்ச்சல்ல பூடிச்சி. பொதச்சிட்டு வெறுங்கையா திரும்பி வந்துட்டோம். அந்தக் கிண்ணத்த மண்ணுலேர்ந்து எடுத்தப்போதான், அடடா, அவளுக்குத் தோணிக்கீது, நமக்குத் தோணலியேன்னு இருந்துச்சி. அதான் அன்னிக்கு அத்தினி தபா அதையே சொன்னேன்."

சுஜி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஹில்டா எழுந்துபோய் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே படம் தானாக ஓடி முடிந்தது. பெயர்கள் மேலேறின. "இது நீங்கதானே மேடம்?" என்று சுஜி காட்டினாள். பண்பாட்டு ஆலோசகர் என்று போட்டு, அதன் கீழ் ஹில்டா ஜீவரத்தினம். அவளிடம் யாரும் எந்த ஆலோசனையும் கேட்டதில்லை.

"இன்னா எயுதிக்கீது?" என்றாள் கிளியம்மாள். ஹில்டா சொன்னாள். கிளியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம், "அந்த ஃபிளாட்காரங்களுக்கு நான் மெய்யா சொன்னது இன்னான்னு ஒரு பேப்பர்ல எயுதிக் குடுப்பியா டீச்சர்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று, கிளியம்மாள் பேசியது முழுதும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில். இன்னொன்று டிவிக்காரர்களுக்கு, கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்குப் பிறகு. அதில் தன் தவறையும் எழுதினாள்.

நாலாம் நாள் மும்பை அலுவலகத்திலிருந்து வினிதா கூப்பிட்டாள். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். வேலை கொடுப்பதும் வாங்குவதும் அவள்தான். "மேம், படம் லாக் ஆயிடுச்சு. பதினேழு நாட்டுல காட்டியாச்சு. இப்ப நரேஷன்ல கை வைக்க மாட்டாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்." சற்றுத் தயங்கினாள். "உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன் மேம்."

"அப்ப என் பேரையாவது எடுத்துடச் சொல்லு."

"அது ஈஸி மேம்."

மறுநாளே எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் நடந்த ஒரே திருத்தம் அதுதான்.

சுஜி அந்தக் காகிதத்தை அம்மா வேலை செய்யும் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பை அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். அதற்குள் நாலைந்து பேர் படித்திருந்தார்களாம். மூன்றாம் மாடி அம்மாள் ஒருத்தி கிளியம்மாளை நிறுத்தி, அந்தக் கிண்ணம் என்ன நிறம் என்று கேட்டாளாம். கறுப்பு, வாய் கொஞ்சம் செவப்பு என்று சொன்னாளாம். சூரிய பூஜை ஆச்சா என்று கேட்கிறவர் மட்டும் இன்னும் கேட்கிறாராம். சுஜி இதையெல்லாம் போனில் சொன்னாள்.

ஜீவரத்தினம் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "வினிதா அடுத்த படம் அனுப்பியிருக்காளாமே. பண்ணப் போறியா?"

"தெரியலங்க."

"வேணாம்னா விட்டுடு."

"நான் விட்டா வேற யாராவது எழுதுவாங்க" என்றாள் ஹில்டா. அவர் ஒரு கை பட்டாணியை அவள் பக்கம் தள்ளினார். அவளும் உரிக்க ஆரம்பித்தாள்.