அக்னி மூலையில் ரியாக்டர்

என் மூத்த அக்காள் சொர்ணத்துக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஆனந்தகுமார், சின்னவன் தனபாலன். அவர்கள் அப்பா சாத்தான்குளத்திலிருந்து வந்து தி.நகரில் ஒரு சந்துக்குள் எவர்சில்வர் பாத்திரக்கடை போட்டார். அந்தக் கடை இப்போது இரண்டு கடை. நடுவில் ஒரு சுவர்.

தனபாலனுக்கு எதை எடுத்தாலும் வாஸ்து. கல்லாப்பெட்டி வடக்கே பார்க்க வேண்டும், டீ போடும் அடுப்பு தென்கிழக்கில் அக்னி மூலையில் இருக்க வேண்டும், நட்டநடு இடம் பிரம்மஸ்தானம், அங்கே ஒரு கரண்டியைக்கூட வைக்கக்கூடாது. பாகம் பிரித்தபோது ஆனந்தகுமார் சுவரை எழுப்பியது சரியாக அந்த நட்டநடு இடத்தில். அந்த வருஷமே சொர்ணம் போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை முற்றிப்போய் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, எல்லாருக்கும் தெரியும். இவன் கருமாதி வீட்டிலேயே அண்ணனைப் பார்த்து, “நடுவுல பாரத்த ஏத்துன. அம்மா போயிட்டா” என்றான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே சந்து, ஒட்டின கடை, ஒருவன் ஷட்டரைத் தூக்கினால் மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

தனபாலனின் மனைவி ஷண்முகப்ரியாவுக்கு ஒரு தம்பி, பாலகணேஷ். கொட்டிவாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அவன்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு விளையாட்டைக் காட்டி, ஒரே குழுவில் சேர்த்துவிட்டான். ஆகாயத்தில் கப்பல் கட்டுகிற விளையாட்டு. மத்தியானம் வியாபாரம் படுக்கிற நேரத்தில், ஆளுக்கொரு பில் போடும் கம்ப்யூட்டரில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் மட்டும் அண்ணனும் தம்பியும் பேசினார்கள். ஏசிக்கொள்வதும் பேச்சுதானே. ஷண்முகப்ரியா அதைக் கேட்பதற்காகவே சாப்பாட்டை அந்த நேரத்துக்குக் கொண்டுவருவாள்.

தனபாலன் கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அதன் சட்டமெல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது. கப்பலைச் செங்கல் அடுக்குவதுபோல் கட்டை கட்டையாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் தனி உறுதி உண்டு. குண்டு எந்தக் கட்டையில் படுகிறதோ அதுதான் உடையும். இணைப்புக் கட்டை உடைந்தால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் கழன்று போய்விடும். வெளியே கனமான கவசக் கட்டை போடலாம். அதற்கும் வெளியே ஷீல்டு என்று கண்ணுக்குத் தெரியாத போர்வை, முதல் அடியை அதுதான் வாங்கும். ஆனால் ஷீல்டு ஓடுவது கரண்டில். கரண்டு வருவது ரியாக்டரிலிருந்து. ரியாக்டரில் அடிபட்டால் அது வெடித்து அக்கம்பக்கத்தையும் கொண்டுபோகும், ஷீல்டும் விழும். அதனால் புத்தியுள்ளவன் ரியாக்டரைக் கப்பலின் நடுவயிற்றில் வைத்துச் சுற்றிலும் கவசம் போடுவான்.

நம் தனபாலன் என்ன செய்தான்? ஆகாயத்தில் ஏது திசை என்றால், கப்பலின் மூக்குதான் கிழக்கு என்று முடிவு செய்தான். மூக்குக்கு வலப்பக்கம் தென்கிழக்கு. அக்னி மூலை. ரியாக்டரைக் கொண்டுபோய் அங்கே, வெளித்தோலை ஒட்டி வைத்தான். நடுவயிற்றைக் காலியாக விட்டான். கப்பலுக்குச் ‘சொர்ணம்’ என்று பெயரும் வைத்தான்.

“எலே, எதிரி சுடுறதே மூக்கப் பாத்துத்தான்” என்று ஆனந்தகுமார் கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்கும். “கப்பலத் திருப்பினா ஒன் அக்னி மூலை எங்கலே போவும்?”

“மூக்கோட சேந்து அதுவும் திரும்பும்.”

“நடுவுல அவ்வளவு எடம் எதுக்கு? கல்யாணப் பந்தியா போடப்போற?”

“அது பிரம்மஸ்தானம். ஒனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா...” அதற்கு மேல் சொல்லமாட்டான்.

கப்பல் அடிபட்டுக்கொண்டே இருந்தது. விளையாட்டில் எல்லாரும் சேர்த்த இரும்பும் நிக்கலும் அதில்தான் போகும், அதோடு நாசமாகும். கடைசியில் ஆனந்தகுமார் சொல்லிவிட்டான்: “இன்னொரு தரம் ஒன் கப்பல் ஒடைஞ்சுது, நான் இந்தக் குழுவுலயே இல்ல.” ஷண்முகப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. “மாமா, நீங்களாவது சொல்லுங்க. இதுவும் போச்சுன்னா அவங்க ரெண்டு பேரும் எங்க பேசுவாங்க?” என்று என்னிடம் வந்தாள். நான் சொன்னேன். அவன் என்னையும் ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொள்ளைக்காரக் கப்பல்கள் வந்தன. ஷீல்டு கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு மூக்கின் வலப்பக்கம் பளிச்சென்று வெடித்தது. பாதிக் கப்பல் கழன்று தனியாக மிதந்தது. பாலகணேஷ், “அத்தான், அவங்கள நான் இழுத்துட்டுப் போறேன்” என்று தன் குட்டிக் கப்பலில் ஓட, கொள்ளைக்காரர்கள் அவனைத் துரத்திக்கொண்டு போனார்கள். ஆனந்தகுமார் இணைப்பைத் துண்டித்தான். ஷண்முகப்ரியா அடுக்குச் சட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஆனந்தகுமார். பாகம் பிரித்த பிறகு இந்தப் பக்கத்துப் படியில் கால் வைக்காதவன், இட்லிப்பானை பார்த்துக்கொண்டிருந்த அம்மாளை ஒதுக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தான்.

“எந்திரிலே.”

தனபாலன் எழுந்தான். பெரியவன் உட்கார்ந்து, மிச்சக் கப்பலின் சரக்கறையிலிருந்து உபரி ரியாக்டரை எடுத்து, நடுவயிற்றுக்குக் கொண்டுபோனான்.

“அண்ணே, அங்க வேண்டாம்.”

“அப்போ நான்தான் அம்மாவக் கொன்னேன்னு இன்னமும் நெனைக்க. அப்படித்தான?”

ஷண்முகப்ரியா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஆனந்தகுமார் ரியாக்டரை நட்டநடுவில் வைத்து வெல்டிங் துப்பாக்கியால் பற்றவைத்தான். திரையில் விளக்கெல்லாம் திரும்பி வந்தது. தனபாலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எரிச்சலோடு அண்ணனின் தோளைத் தள்ளினான்.

“சுத்திக் கவசம் போடாம வெறுமன வச்சா ஆச்சா? ஒரு வேலையாவது உருப்படியாச் செய்தியா? தள்ளு.”

“நீ எனக்குச் சொல்லித் தாரியா?”

“ஒத்தை அடுக்கு நிக்காது. ரெட்டை போடணும். தள்ளுண்ணே.”

அப்படியே ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து இரண்டு பேரும் மவுஸுக்கு அடித்துக்கொண்டார்கள். தலை நரைத்த சேல்ஸ்மேன் பிரபு பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே எட்டினார். “மொதலாளி, அந்தம்மா எவ்ளோ நேரமா நின்னுக்கினு கீது. பானைக்கு இன்னா வெல சொல்றது?”

“இருக்கச் சொல்லு” என்றார்கள் இரண்டு பேரும்.

அந்த அம்மாள் இருக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கேயும் முதலாளி இல்லை.