மண்டிக்காரர் வீட்டுப் பிடி அரிசி

பள்ளிக்கூடத்து மதியச் சோற்றுக்காக இன்றும் எங்கள் தறிக்காரர் தெருவில் வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி வந்தேன்.

ராசிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் தெருக்காரர் தன் வீட்டு வாசலில் மறித்தார்.

“ஏனம்மிணி, பச்சையும் புழுங்கலும் கலந்தா ஒண்ணா வேகுமா? நான் மூட்டையாவே தாரேன். என் பேருல பலகை மாட்டோணும். புள்ளைங்க என்னைக் கும்பிட்டுட்டுத்தான் சோறு உங்கோணும்.”

“சோத்துக்குக் கும்பிடு போட எங்க புள்ளைங்களைப் பழக்கலீங்க.”

“அப்ப என் ஊட்டு அரிசி ஒரு மணிகூட வராது!”

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். வழக்கம்போல் என் கூடையில் ஒரு பிடி போட்டார். கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு பிடியும் போட்டார்.

“இது அவரு பங்கு.”

பலகை மாட்ட நான் தயார். யார் பெயரை எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்.